ஒரு அடுப்பு, ஒரு பங்கு

கந்தர்வக்கோட்டையில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. சுற்றுவட்டார ஜனங்களின் ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று, ஆதார் திருத்தம் எல்லாம் என் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும். யாருக்கு யார் என்ன உறவு என்று நாள் முழுக்கக் கேட்டுத் தட்டுகிறவள் நான். ஆனால் பதினோரு வருடமாக என்னோடு ஒரே வீட்டில் வாழ்கிறவளை எந்த விண்ணப்பத்திலும் ஏற்ற முடியவில்லை. ஒருமுறை வீம்புக்கு என்னைப் பெண் என்று போட்டுவிட்டு, அவளுக்கு நேரே 'மனைவி' என்று தட்டிப் பார்த்தேன். தவறான தகவல் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

அவள் பொன்னமராவதிப் பக்கத்துக்காரி. எங்கள் முந்திரித் தோப்பில் பட்டி போட்டு ஆடு வளர்க்கிறாள். வாய் நீளம் எனக்குத்தான். அவளுக்குக் கோபம் வந்தால் ஆடுகளிடம் போய்ப் பேசிவிட்டு வருவாள்.

எங்கள் கிராமத்துக் கோயிலில் வருடம் ஒருமுறை பொதுக் கிடா வெட்டு உண்டு. கறியைக் கூறு போட்டுத் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு கொடுப்பார்கள். கல்யாணமான குடும்பம் என்றால் ஒரு தலைக்கட்டு. தனியாக இருக்கும் பெண்களுக்கு அரைப் பங்கு. எனக்கு எப்போதும் அரைதான். அவளோ வெளியூர்க்காரி, கணக்கிலேயே கிடையாது. குழம்பு கொதிக்கும்போது, "ஒங்க ஊருக் கறி நல்லாத்தான் மணக்குது" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், எனக்குத்தான் சோறு இறங்காது. இந்த மண்ணில் குனிந்து நிமிர்ந்து பாடுபடுகிறவள் வருடா வருடம் 'ஒங்க ஊரு' என்று சொல்லும்படி ஆகிவிட்டதே என்று இருக்கும்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணம் பற்றி டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்று கடையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சட்டம் செய்வது பாராளுமன்றத்தின் வேலை, தங்கள் வேலை இல்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அப்போது ஒரு புதுமாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் கவர்மெண்டு எதுக்குங்க? அவுகவுக வீட்டோட இருந்துக்கிற வேண்டியதுதான" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, நீங்க எதுக்கு இங்க வந்திருக்கீங்க?" என்றேன்.

"கல்யாணத்தப் பதிவு பண்ண."

"ஏன், நீங்களும் வீட்டோட இருந்துக்கிறது? ஒங்களுக்கு மட்டும் கவர்மெண்டு வேணுமாக்கும்."

அவர் கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பாவம், நல்ல பிள்ளை. அவருடைய விண்ணப்பத்தை ஒரு பிழை இல்லாமல் முடித்துக் கொடுத்தேன்.

ஆனால் சூடு ஆறவில்லை. கிடா வெட்டுக்கான தலைக்கட்டுப் பட்டியலை வருடா வருடம் அடித்துக் கொடுப்பதும் நான்தான். அரைப் பங்குக்காரர்களில் இருந்த என் வரியை வெட்டி, முழுப் பங்குக்காரர்களின் கடைசியில் ஒட்டினேன். 'கம்ப்யூட்டர் கடை வீடு, இரண்டு பேர்' என்று அடித்து ஆசை தீரப் பார்த்தேன். பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்நேரம் பார்த்து அம்பலகாரர் போன் செய்தார். ஊர்க் காரியத்துக்கெல்லாம் அவர்தான் பெரியவர். "ஆத்தா, லிஸ்ட அனுப்பிவிடு" என்றார். கடையில் நாலு பேர் எதிரே காத்து நிற்க, அழிக்க மறந்து அதே கையோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆட்டுப் பட்டியிலிருந்து வந்தவள்தான் போனை நீட்டினாள். "ஏ புள்ள, நாம தலைக்கட்டு ஆயிட்டோம் போல?"

அதற்குள் பாதி ஊர் பார்த்திருந்தது. அழிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காத. கேட்டுத்தான் பாப்பமே."

பதினோரு வருடத்தில் அவள் தனக்காக எதையும் கேட்கச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான், அவளுக்கும் அது உள்ளே கிடந்து வலித்திருக்கிறது என்று தெரிந்தது.

கோயில் வாசலில் ஊர் கூடியது. அம்பலகாரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வாசித்தார். எங்கள் வரி வந்ததும் நிறுத்தினார். எங்கள் அடுத்த வீட்டுக்காரர் எழுந்தார்.

"கோர்ட்டே ஒத்துக்கல. நாம எப்புடிங்க ஒத்துக்கிறது?"

அம்பலகாரர் அவரைப் பார்க்காமல் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணந்தம்பி சேந்து சோறு பொங்குனா நாம எப்புடிக் கணக்கு வப்போம்?" என்று கேட்டார்.

"ஒரு தலைக்கட்டு."

"பிரிஞ்சு தனித்தனியாப் பொங்குனா?"

"ரெண்டு."

"அப்ப இவுக வீட்டுல எத்தன அடுப்பு எரியுது?"

அடுத்த வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். பெண்கள் பக்கமிருந்து அவருடைய மனைவியே பதில் சொன்னார். "ஒண்ணுதாங்க. இவரு கொழம்பு நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்கிச் சாப்புடுறாரே, பாதி நாளு அது அந்த அடுப்புல வச்சதுதான்."

கோயில் வாசல் முழுக்கச் சிரிப்பு. அவரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள் என்று சொன்னால் பொய். இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

"சட்டத்த டெல்லியில பேசட்டும். இங்கிட்டு அடுப்புதான் கணக்கு" என்றார் அம்பலகாரர். பிறகு குரலை உயர்த்தி, "முழுப் பங்குன்னா முழு வேலை. கம்மாய்க்குத் தண்ணி வர்ற வாய்க்கா வெட்ட வீட்டுக்கு ஒரு ஆளு வரணும்" என்றார்.

"நான் வாரேங்க" என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள். சொன்னபடி மறுவாரம் மண்வெட்டியோடு போய், ஆண்களுக்குச் சமமாக வெட்டிவிட்டு வந்தாள்.

ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊர் பங்கு கொடுத்துவிட்டது, இனி சட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போட நீ யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். அங்கே அம்பலகாரர் வந்து எங்கள் அடுப்பைக் காட்ட முடியாது. அரசாங்கம்தான் எழுதித் தர வேண்டும். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

கிடா வெட்டு அன்று, "கம்ப்யூட்டர் கடை வீடு, ஒரு பங்கு" என்று கூப்பிட்டார்கள். எப்போதும் நான்தான் போய் வாங்குவேன். அன்றைக்கு அவளைப் போகச் சொன்னேன். வீட்டிலேயே பெரிய சட்டியாகப் பார்த்து எடுத்துப் போயிருந்தாள். கறிக் கூறை இலையோடு தூக்கி அதில் வைத்தார்கள். இரு கையாலும் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து மசாலா அரைத்துக் கறியை ஏற்றினோம். கொதி வந்ததும் எப்போதும்போல அவள் முகர்ந்து பார்த்தாள். நான் காத்திருந்தேன். அவள் போனை எடுத்துப் பொன்னமராவதியில் இருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மத்தியானத்துக்குப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. எங்க ஊருக் கறி, முழுப் பங்கு."

நான் உப்புப் பார்க்கிற சாக்கில் அடுப்படியில் அவளை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன்.