அண்ணாவின் விமானக் கொப்பியும் நிரப்பாத கட்டமும்

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. அவருடைய ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர், நண்பர் எல்லோருக்கும் என் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்திலே பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணாவைப் பற்றி எழுத என்னை விடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அண்ணாவின் மனைவியான எங்கள் மச்சாள், "நீர்தான் எழுத வேணும். அந்தக் கொப்பி உம்மட்டைத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அண்ணாவுக்கு வருத்தம் வந்ததை முதலில் கண்டவள் நான். கண்டும் பேசாமல் இருந்தேன். இதை என்னிடம் நேரே கேட்டவர்கள் குறைவு. கேட்காமல் பார்த்தவர்கள் பலர். எல்லோருக்கும் சேர்த்து இதில் எழுதுகிறேன்.

அண்ணா சுழிபுரத்தில் பிறந்தவர். அப்பா சங்கக்கடை மனேஜர். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிற வருத்தம் கூடிய வருஷம் நான் அடுப்படிக்குப் போனேன். அண்ணா சோவியத் நாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்துக் கியேவுக்குப் போனார், விமானப் பொறிகள் பற்றிப் படிக்க. இதை மனக்குறையாக எழுதவில்லை. அண்ணாதான் அதைக் கடைசிவரை மனக்குறையாக வைத்திருந்தார்.

கியேவில் அவரோடு ஒரே அறையில் இருந்த உக்ரேனியப் பெடியனின் தங்கை ஒரு விமான விபத்தில் இறந்துபோனாள். அந்த நாட்களில் அங்கே விழுந்த விமானங்களைப் பற்றிப் பேப்பரில் பெரிதாக வராது. சவப்பெட்டி வந்தது, காரணம் வரவில்லை. அந்தத் தாய், "அந்த நாளுக்கு ரிக்கற் எடுத்துக் கொடுத்தது நான்" என்று சொல்லிச் சொல்லியே சாப்பாட்டை விட்டாராம். அண்ணா அந்த வீட்டுக்கு ஒரு விடுமுறைக்குப் போய்வந்தவர். "காரணம் தெரியாட்டில் தாய்மார் தங்களைத்தான் காரணம் எண்டு நினைப்பினம்" என்று பிறகு எனக்குச் சொன்னார்.

படிப்பு முடிந்து கொழும்பில் சில காலம் வேலை பார்த்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு தப்பிக் கனடா வந்தார். இங்கே அந்தச் சான்றிதழை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரும்புத் துண்டுகளுக்குச் சாயம் பூசித் துடைத்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பன்னிரண்டு வருஷம் அதையே செய்தார். மல்வேர்னில் வீடு வாங்கினார். என் கணவரையும் பின்னால் எங்களையும் கூப்பிட்டு எடுத்தார்.

நான் இரண்டு பெண்பிள்ளைகளோடு மொஸ்கோ வழியாக வந்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு விமானத்தைக் கேட்க வேண்டுமா? கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்து, "அண்ணா, உந்தப் பிளேன் விழாதோ?" என்று கேட்டேன். "இஞ்சின் நாலும் வாலிலை இருக்கும். நீ முன்னுக்கு இரு, சத்தம் குறையும்" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு தைரியமான மனுசன் என்று நினைத்தேன். பின்னேரம் இறங்க வேண்டிய எங்களுக்காக அவர் விடியவே விமான நிலையத்துக்கு வந்து காத்திருந்தார் என்று மச்சாள் சொல்லித்தான் தெரியும். கேட்டபோது, "அந்தப் பிளேனைப் படிச்சவன் நான். படிக்காதவைக்குப் பயம் குறைவு" என்றார். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் பயந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை.

சோவியத் நாடு உடைந்த பிறகுதான், முந்தி மூடிவைத்த விபத்துகளின் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அண்ணா சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் ரஷ்யப் பேப்பர்களையும் ஆங்கிலச் சஞ்சிகைகளையும் வாசித்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் தமிழில் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்ட ஐந்து கட்டங்கள். எந்த விமானம், என்ன நடந்தது, என்ன காரணம், முன்பே தெரிந்தது யாருக்கு, இனி என்ன செய்ய வேண்டும். பிறகு டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்து, நான் மரக்கறி வெட்ட வெட்ட வாசிப்பார்.

முதல் பக்கம் அந்தக் கூட்டாளியின் தங்கை போன விமானம். நாலு விசிறி பூட்டிய அந்தோனோவ். இறங்க வரும்போது ஆகாயத்திலேயே இறக்கை முறிந்தது. இறக்கையின் நடுவில் பல காலமாக வளர்ந்த வெடிப்புகள். அதற்குப் பிறகு அந்த வகை விமானத்தில் பயணிகளை ஏற்றுவதையே நிறுத்தினார்களாம். இது தெரியவந்த அன்றே அண்ணா கூட்டாளிக்கு ரஷ்ய மொழியில் கடிதம் எழுதிப் போட்டார். அந்தத் தாய் அப்போது உயிரோடு இருந்தாரா என்று தெரியாது. பதில் வரவில்லை. அண்ணா நெடுநாள் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பக்கத்தில், சைபீரியாவில் ஒரு விடியற்காலை மழையில் ஓடுபாதையைக் காயவைக்கப் போன வாகனங்களின் மேல் ஒரு துப்போலெவ் விமானம் இறங்கிய கதை. வாகனங்களுக்கு இடம் கொடுத்த கட்டுப்பாட்டாளர் கதிரையிலேயே தூங்கிவிட்டார்.

"காரணம், கவனயீனம்" என்று அண்ணா வாசித்தார்.

"அந்த மனிசனுக்கு வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருந்ததோ?"

அண்ணா தாளைப் புரட்டிப் பார்த்தார். "ஓம், ரெண்டு. சில நாளாய் ஒழுங்கான நித்திரை இல்லையாம்."

"அப்ப அதை எழுதுங்கோ. வெறும் கவனயீனம் எண்டால் அந்தாள் பாவம்."

அண்ணா பேனையை எடுத்து, கவனயீனம் என்பதை வெட்டிவிட்டு எழுதினார். "பிள்ளை, நீ என்னோடை கியேவுக்கு வந்திருக்க வேணும்" என்றார். நான் வெங்காயத்தைச் சாட்டிக் கண்ணைத் துடைத்தேன்.

கடுதாசிச் சுருள்களும் பெட்டி பெட்டியாகச் சாமான்களும் கணக்கில்லாமல் ஏற்றி, எழும்பும்போது பாரம் பின்னுக்கு நகர்ந்ததால் விழுந்ததாகச் சொல்லப்படும் விமானம் ஒன்று. அதை வாசித்த அன்று, "நீ கையிலை கொண்டுவந்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பின்னுக்கு ஓடாமல் இருந்தது எங்கடை நல்ல காலம்" என்று சிரித்தார்.

ஆனால் அண்ணா அடிக்கடி திருப்பி வாசித்தது வேறு ஒரு பக்கம். பனிக்காலம், சைபீரியா, இன்னொரு துப்போலெவ். ஒரு பொறியைச் சுழற்றித் தொடக்கும் ஸ்ரார்ட்டரில் பிழை என்று புறப்பட முன்பே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓட்டிகள் பார்த்தார்கள். விளக்குத்தான் பொய் சொல்கிறது என்று நினைத்துப் புறப்பட்டார்கள். விளக்குச் சொன்னது உண்மை. ஸ்ரார்ட்டர் சிதறி, தீப்பிடித்து, விமானத்தைக் கட்டுப்படுத்தும் குழாய்களும் போயின.

"விளக்கு எரியிறதைக் கண்டவை ஏன் புறப்பட்டவை?" என்று கேட்டேன்.

"முந்தி எத்தினையோ தரம் சும்மா எரிஞ்சிருக்கும். உங்கடை பில்டிங் அலாரம் மாதிரி. மீன் பொரிச்சாலும் அடிக்குது. நீ கீழை இறங்கிறனியோ?"

நான் இறங்குகிறவள்தான். முழு மாடிக்கட்டிடத்திலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் இறங்குவது நான் மட்டும்தான். அதனால்தான் எனக்கு வீட்டில் 'அலாரம்' என்று பட்டம்.

அந்தப் பட்டம் உறுதியானது சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி பெரியவளான சாமத்தியவீட்டில். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் ஓடிப்போய் அம்புலன்ஸுக்கு அடித்தேன். மண்டபத்துக்குள் ஸ்ரெச்சர் வந்தது. அவரைத் தூக்கிக் கிடத்தியவுடன் பெரிய ஏவறை ஒன்று விட்டு எழும்பி உட்கார்ந்தார். வாய்வு. வீடியோக்காரர் அதையும் எடுத்துவிட்டார். அந்தக் கசற் மொன்றியல், லண்டன் எல்லாம் போய்வந்தது. பிள்ளையின் ஆராத்தியை விட ஸ்ரெச்சரைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

அது நடந்து மூன்று மாதம் கழித்து, போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லிஃப்ட் பழுது. அண்ணா ஒரு அரிசி மூட்டையோடு ஏழு மாடி ஏறி வந்தார். வெளியே உறைபனி, அவர் நெற்றியில் வேர்வை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, நெஞ்சு நோகுதோ?"

"சீ, வாய்வு. நேற்று மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டனான்."

என் கை தொலைபேசிக்குப் போய்விட்டது. என் கணவர் அதைக் கண்டார். "என்னப்பா, வீடியோக்காரருக்கும் சேர்த்து அடிக்கிறீரோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். உள்ளியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இப்ப சுகம்" என்று சொல்லிப் போனார். என் கணவர் அதற்காக இன்றுவரை வருந்துகிறார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை வேலையிடத்தில் அண்ணா கதிரையில் சரிந்தார். அவரோடு ஒரே காரில் வேலைக்குப் போய்வரும் இளைய நண்பர் சிவம்தான் அம்புலன்ஸில் கூடப் போனது. ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால் என்ன என்று டாக்டர் கேட்டதைச் சிவம் மறைக்காமல் எனக்குச் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி.

வெள்ளிக்கிழமை அண்ணா தெளிவாகக் கதைத்தார். மச்சாள் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம் நான் வாயைத் திறந்தேன். "அண்ணா, நான் அண்டைக்கு அடிச்சிருக்க வேணும்."

அண்ணா கட்டிலைச் சுற்றித் தேடினார். "கொப்பி எங்கை?"

அவர் கேட்பார் என்று தெரிந்து மச்சாள் முதல்நாளே கொண்டுவந்து வைத்திருந்தார். புதுப் பக்கம் திருப்பச் சொன்னார். "நீ எழுது. எனக்குக் கையிலை ஊசி."

"எந்த விமானம் எண்டு எழுத?"

"பழைய துப்போலெவ். எத்தினையோ தரம் பறந்தது."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சொன்னபடி எழுதினேன். என்ன நடந்தது என்ற கட்டத்தில், விளக்கு எரிந்தும் புறப்பட்டது. காரணத்தில், ஓட்டி அதை வாய்வு என்று சொன்னார். அடுத்த கட்டம் வந்தபோது என் கை நின்றது. முன்பே தெரிந்தது யாருக்கு?

"என்ரை பேரை எழுதவோ, அண்ணா?"

"எழுது. ஆனால் ஓட்டி எண்டு எழுதாதை. ஓட்டி நான். நீ விளக்கு. விளக்கு எரிஞ்சதுதானே."

"நானும் சிரிச்சனான்."

"அப்ப அதையும் எழுது. எல்லாரும் சிரிச்சவை, ஓட்டியும் சிரிச்சவர் எண்டு எழுது. ஒரு காரணத்தாலை பிளேன் விழுறேல்லை, பிள்ளை. ஆர் எண்டு தேடினால் ஒரு ஆளோடை நிண்டுவிடும். எப்பிடி எண்டு தேட வேணும்."

கடைசிக் கட்டம் இருந்தது. இனி என்ன செய்ய வேண்டும். அதற்குள் தாதி வந்து ஓய்வெடுக்கச் சொன்னார். "அதைப் பேந்து எழுதுவம்" என்றார் அண்ணா. சனிக்கிழமை காலை, மச்சாளின் கையைப் பிடித்தபடி அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தாறு.

ஓராண்டாக அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது. எழுத எடுப்பேன், பயந்து மூடிவிடுவேன். இந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் நான் மச்சாள் வீட்டில் நின்றபோது, அவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வந்த சிவம் வாசலில் நின்று நெஞ்சைத் தடவினார். "வாய்வு, அக்கா" என்றார். நான் யாரையும் பார்க்கவில்லை, அம்புலன்ஸுக்கு அடித்தேன். சிவம் வெட்கப்பட்டுக்கொண்டு ஏறிப் போனார். பின்னேரம் அவரே தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, டொக்டரே சொல்லிப்போட்டார். சாட்சாத் வாய்வாம். நாளைக்கு ஃபக்டரி முழுக்கச் சிரிக்கப் போகுது."

"நல்லாய்ச் சிரிக்கட்டும், தம்பி" என்றேன். அண்ணா போன பிறகு அன்றுதான் முதல் முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அண்ணாவை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர்களுக்கும், பக்கத்திலேயே இருந்த தாதிகளுக்கும், ஈமக்கிரியைகளை முறைப்படி செய்துதந்த ஐயாவுக்கும், பனியில் கார் ஓட்டி வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் மச்சாள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய மல்வேர்ன் அயலவர்களுக்கும், அண்ணாவின் கதிரையில் பூ வைத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆட்கள் பலர், நினைவு குறைவு. பெயர் விட்டுப்போனவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முதல்நாள் இரவு திரும்ப வாசித்துவிட்டு, கொப்பியை எடுத்துக் கடைசிக் கட்டத்தையும் எழுதினேன். உங்களுக்கும் சேர்த்தே எழுதினேன்.

இனி: விளக்கு எரிந்தால் புறப்படுவதில்லை. வாய்வு என்று சொல்வது டாக்டரின் வேலை. பொய்யாக அடிக்கிற அலாரத்துக்கும் கீழே இறங்குவது.

அண்ணா, கட்டம் நிரம்பிவிட்டது. எழுத்துத்தான் கொஞ்சம் கோணல்.

உங்கள் தங்கை