பத்து நாளைக்கு ஒரு குடம்

ஆலங்குடிக்குக் கிழக்கே எங்களுக்கு இருந்த பலாத்தோப்பைப் புயல் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது நான் நாலாம் வகுப்பு. அப்பா விறகுக்காரரைக் கூப்பிட்டு மரங்களை அள்ளச் சொன்னார். இனி தைலமரம்தான் என்று முடிவும் செய்தார். தைலத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு கடிக்காது, நாலைந்து வருஷத்தில் வெட்டிக்கொள்ளலாம். மறுத்துப் பேசியவள் சித்தி ஒருத்திதான். சித்தப்பா சிங்கப்பூரில் இருந்ததால் அவர் பங்குக்கும் அவளே பேசுவாள், அதுவும் அப்பா முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. கடைசியில் அப்பா இறங்கி வந்தார். ஒரு கோடை பார்ப்போம். சித்தி வைக்கிற பலாக்கன்றுகள் அதைத் தாண்டினால் மொத்த நிலமும் தோப்பு, இல்லையென்றால் தைலம்.

சித்தியிடம் என்ன இருந்தது என்று யோசித்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. போர்க்கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. நாற்றுப் பைக்குக் காசு கேட்டால் அப்பா மறுபடி தைலத்தில் வந்து நிற்பார். அதனால் அந்தப் புயலுக்கும் அசையாமல் நின்ற பனைகளில் ஓலை வெட்டிக் கொட்டான் முடைந்தாள். மிஞ்சிய ஒற்றைப் பலாவின் பழத்தை நாங்கள் தின்னத் தின்ன, கொட்டைகளைக் குழம்புக்குப் போகவிடாமல் பிடுங்கி அந்தக் கொட்டான்களில் ஊன்றினாள். பலாக்கொட்டைக் குழம்பில்லாத அந்த வருஷத்தை அம்மா வெகுநாள் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை பிடித்ததும் கொட்டானோடு குழியில் இறக்கினாள் சித்தி. ஓலை மக்கிவிடும், வேர் தன்பாட்டுக்கு வெளியே போகும். நாற்பது கன்று. தென்பாதிக்குத்தான் கண்டது. வடபாதிக்கு அடுத்த ஐப்பசி என்று அப்போதே சொல்லிவைத்தாள்.

மாசி முடிந்து வெயில் ஏறியதும் அவள் கொடுமைக்காரியாகிவிட்டாள். என் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது. கன்றைச் சுற்றிக் கடலைத்தோலைக் கொட்டி மூடினாள். பத்து நாளைக்கு ஒருமுறை ஊருணியிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வந்து, கன்றுக்கு ஒரு குடம். அதையும் தூரில் ஊற்றமாட்டாள், ஒரு முழம் தள்ளி வட்டமாக ஊற்றுவாள். பசித்த பிள்ளைக்குக் கை எட்டாத இடத்தில் சோற்றை வைப்பதுபோல எனக்கு ஆத்திரமாக வரும். இதென்ன கஞ்சத்தனம் என்று அப்பாவே கேட்டுவிட்டார். அவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள்.

"கிட்டக்க ஊத்துனா வேரு அங்கனயே உக்காந்துரும் மாமா. தேடிப் போகட்டும்."

நான் ஒரு கன்றைத் தேடவிடவில்லை. பள்ளிக்கூட வேன் நிற்கும் இடத்தில், வேலியோரம் நின்றது அது. தினமும் சாயங்காலம் இறங்கியதும், வாட்டர் பாட்டிலில் மிச்சமிருப்பதைக் கடலைத்தோலை விலக்கி அதன் தூரில் ஊற்றுவேன். மிச்சம் இருக்கவேண்டுமே என்று மத்தியானம் தாகத்தை அடக்கிக்கொண்ட நாளும் உண்டு. அவ்வளவு தர்மசிந்தனை. கன்று தளதளவென்று வந்தது. மற்றவை முழங்கால் உயரத்தில் முறைத்துக்கொண்டு நிற்க, இது என் இடுப்பைத் தொட்டது. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அப்பா அதைத்தான் காட்டினார். தைலப் பேச்சும் குறைந்தது. எல்லாம் என்னால்தான் என்று யாரிடமும் சொல்ல முடியாதது ஒன்றுதான் குறை.

முழுப்பரீட்சை லீவுக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மணமேல்குடியில் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம் கழித்து நாங்கள் திரும்பிய அன்று என் கன்று சருகாக நின்றது. மற்ற முப்பத்தொன்பதும் தூசி படிந்து, இலை சுருங்கி, உயிரோடு இருந்தன. அப்பா கொதித்துக்கொண்டிருந்தார். இருந்ததிலேயே நல்ல கன்றுக்கே இந்தக் கதி என்றால் மற்றதை எப்படி நம்புவது என்று கத்தினார். கோபம் வந்தால் சின்னப்பிள்ளை என்றும் பாராமல் கை நீட்டிவிடுவார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

சித்தி பட்ட கன்றைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்புக்கு வந்துவிட்டது. வேரெல்லாம் மேலாகவே சுருண்டு ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூரடியில் கடலைத்தோல் விலகிக் குழிந்து கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

"இதுக்கு மட்டும் தண்ணி ஊத்த மறந்துட்டேன் மாமா. என் தப்புதான்."

மறக்கிற ஆளை நம்பி மொத்த நிலத்தையும் விடமுடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். வடபாதிக்குத் தைலம் வந்தது. அடுத்த ஐப்பசிக்கென்று சித்தி முடைந்து அடுக்கியிருந்த கொட்டான்கள் அடுப்புக்குப் போயின. இன்றைக்கு அந்த முப்பத்தொன்பது பலாவும் தூரிலிருந்தே காய்த்துத் தொங்குகின்றன. பிறகு வந்த எந்தக் காற்றுக்கும் ஒன்றுகூடச் சாயவில்லை. தோப்பைப் பார்க்க வருகிற யாரிடமும் இது சித்தி ஆக்கியது என்று நானாகவே சொல்லிவிடுவேன்.

அன்று என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வடபாதியும் அவளுக்குக் கிடைத்திருக்கும். அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து என் கன்றைச் சித்தி பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள் என்பது மட்டும்தான் தெரியும். அவளே ஒத்துக்கொண்டாளே. ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. எட்டாம் நாள், போனால் போகிறதென்று அவளை மன்னித்தேன்.