ஹேர்லிங் செயலாளரும் உங்கள் சித்தப்பாவும்

பிள்ளைகள், நான் வேலை செய்த கதவுத் தொழிற்சாலையில் ஒரு ஐரிஷ்காரர் சுப்பவைசராக இருந்தார். வயதானவர். ஹேர்லிங் அவர்களுடைய ஊர் விளையாட்டு. அகன்ற மட்டையால் சின்னப் பந்தை அடித்துக்கொண்டு ஓடுவார்கள். பத்தொன்பது வயதில் ஒரு மட்டையோடு ரொறன்ரோவுக்கு வந்தவராம். இருபது வருடம் விளையாடியதில் முன்பற்கள் மூன்று போயின, முழங்காலும் போனது. பிறகு அவர்களுடைய ஹேர்லிங் கழகத்தின் செயலாளர் ஆனார். பெரிய பதவி, கதிரை என்று நினைக்காதீர்கள். மைதானம் கேட்டு நகரசபைக்குக் கடிதம் எழுதுவது, ஊத்தை ஜேர்சிகளைத் தோய்ப்பது, ஆள் குறைந்தால் என்னைப் போன்றவர்களைப் பிடித்துக் கோல் கம்பத்தடியில் நிறுத்துவது, எல்லாம் அவர்தான்.

பந்து குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் கோல், பச்சைக் கொடி ஆட்டவேண்டும். மேலே போனால் ஒரு புள்ளி, அதற்கு வெள்ளைக் கொடி. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அந்த வெள்ளைக் கொடியை ஆட்டுவது மூன்று வருடமாக என் பொறுப்பு.

போர் முடிந்த மே மாதம் அது, ஒரு ஞாயிறு. உங்கள் சித்தப்பா வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். காலையில் லண்டனிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் எடுத்தார். "அண்ணை, உங்கடை தம்பி வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை போனவராம். பிறகு ஒருத்தரும் காணேல்லையாம்." லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கிடைக்கவேயில்லை. மோர்னிங்சைட் வீட்டில் ஹோலுக்கும் குசினிக்குமாக நடந்தேன்.

"உப்பிடி நடந்து என்னையும் விசராக்காதேங்கோ," என்றாள் உங்கள் அம்மா. "மட்ச்சுக்குப் போங்கோ. ஏதும் தெரிஞ்சா நான் போன் அடிக்கிறன்."

போனேன். இரண்டாம் பாதியில் செயலாளருடைய அணி அடித்த பந்து கம்பத்துக்கு மேலால் போனது. குனிந்து கொடியை எடுத்தேன். கை மேலே போகவில்லை. மற்றக் கம்பத்தடியில் நின்ற பச்சைக் கொடிக்காரன் கத்தினான். அவர்கள் பேசியது இங்கிலீசு. எங்கள் பேச்சில் மாற்றி எழுதுகிறேன். "டேய், நித்திரையோ?"

செயலாளர் நொண்டி நொண்டி ஓடிவந்தார். "தூக்கடா! என்ன, கொடி இரும்போ? எங்கடை புள்ளியடா!"

"ஏலாது," என்றேன். "என்ரை தம்பி வெள்ளைத் துணியைப் பிடிச்சுக்கொண்டு போனவன். ஆளைக் காணேல்லை."

அவர் என் வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு கொடியை ஆட்டினார். நடுவர் ஏற்கவில்லை. வெள்ளைக் கொடிக்கென்று நின்று பார்த்தவன்தான் அதை ஆட்டவேண்டுமாம். ஒரு புள்ளியால் தோற்றார்கள். மற்றவர்கள் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

செயலாளர் மட்டும் என்னைத் தன் காருக்குள் இருத்தி, கழகக் கொப்பியைத் திறந்தார். "பேரைச் சொல்லு. வயசு? உயரம்? கடைசியா என்ன உடுப்பு?"

உடுப்பு எனக்குத் தெரியாது. அழுதேன்.

"அழு. அழுதுகொண்டு சொல்லு."

தூதரகத்துக்கு, முகாம்களுக்கு, எங்கள் எம்.பி.க்கு எழுதினார். அப்படியொருவர் பட்டியலில் இல்லை என்றே பதில்கள் வந்தன. வந்த அன்றைக்கே மறுகடிதம் எழுதுவார். சாகும்வரை எழுதினார்.

இப்போது அந்தக் கடிதங்களை நான் எழுதுகிறேன். என் இங்கிலீசு உங்களுக்குத் தெரியும். வாற சனிக்கிழமை ஒரு கடிதம் போகவேண்டும். உங்களில் ஒருவர் வந்து பக்கத்தில் இருங்கள்.