மருந்துக் கணக்கில் வராத மாத்திரை

ஒரகடத்துக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் யாராவது புளித்த ஏப்பம் விட்டால் போதும், பின் சீட்டிலிருந்து ஒரு மாத்திரை அட்டை கைமாறி வந்துவிடும். நெஞ்செரிச்சலா, நைட் ஷிஃப்டில் தின்ற பரோட்டாவா, எல்லாவற்றுக்கும் அதே கேஸ் மாத்திரை. எனக்கு அதை முதலில் எழுதிக் கொடுத்தவர் ஒரு டாக்டர்தான். சில வாரம் சாப்பிட்டுவிட்டு வந்து காட்டச் சொன்னார். யார் போனது? லீவு கேட்டாலே சூப்பர்வைசர் முகம் சுண்டிப்போகும். காலி அட்டையை நீட்டினால் மெடிக்கல் ஷாப்பில் புது அட்டை கிடைத்தது. டாக்டர் சீட்டு எங்கே என்று ஒருத்தனும் கேட்டதில்லை. வருஷக்கணக்காக, பல் தேய்க்கிற மாதிரி தினமும் விழுங்கினேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, வடக்குப்பட்டில் ரூம் எடுத்துத் தங்கி, காண்ட்ராக்டில் மாடாய் உழைத்தேன். எதற்கு? ஒருநாள் பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்றுதான். அந்த வருஷம் பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயரும் மேலே போயிருந்தது.

கொஞ்ச நாளாகவே கெண்டைக்கால் இழுக்கும், விரல் துடிக்கும், போல்ட்டைப் பிடித்தால் கை நடுங்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அசெம்பிளி லைனிலேயே விழுந்தேன். வலிப்பு. கண் திறந்தபோது, இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்று யாரோ ஃபோர்க்லிஃப்ட் சாவியை என் கையில் திணித்திருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்களே ஒரு மாதிரி விலகி நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வையைச் சாகிறவரை மறக்க மாட்டேன்.

கம்பெனி அனுப்பிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "ரெகுலரா ஏதாவது மருந்து சாப்பிடுறியா?"

"ஒண்ணும் இல்ல சார்."

நான் பொய் சொல்லவில்லை. சர்க்கரைக்குச் சாப்பிட்டால் மருந்து, பிரஷருக்குச் சாப்பிட்டால் மருந்து. கேஸ் மாத்திரையை எவன் மருந்துக் கணக்கில் சேர்த்தான்? எங்கள் பஸ்ஸில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வலிப்பு நோய், மெஷின் பக்கம் நிற்கக் கூடாது என்று எழுதிவிட்டார். கம்பெனி என்னை வெளியே அனுப்பிவிட்டது.

அவர் கொடுத்த வலிப்பு மாத்திரையைத் தின்றும் மறுபடி வந்தது. ரூமில் கூட இருந்தவன் என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே டாக்டரம்மா வேறு மாதிரி கேட்டார்: "வயித்துக்கு, தூக்கத்துக்கு, சத்துக்குன்னு எதைப் போட்டாலும் சொல்லுப்பா."

"கேஸ் மாத்திரை மட்டும் தெனமும் போடுவேம்மா."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ரத்தத்தைச் சோதித்ததில் மெக்னீசியம் என்கிற சத்து படு மோசமாக இறங்கியிருந்தது.

"அது நல்ல மருந்துதான். எவ்வளவு, எத்தனை நாளைக்குன்னு டாக்டர் சொல்லணும். யார்கிட்டயும் காட்டாம வருஷக்கணக்கா போட்டா சில பேருக்கு இந்தச் சத்து கொறஞ்சுபோயிடும். கை கால் இழுக்கும், வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும்."

கேஸ் மாத்திரையை நிறுத்தி, குறைந்த சத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். கொஞ்ச நாள் நெஞ்சு பழையபடி எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். வலிப்பு அப்புறம் வரவே இல்லை.

எனக்கு வலிப்பு நோய் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். சூப்பர்வைசர் பக்கத்து டீக்கடைக்கு வந்தார். உள்ளூர்க்காரர்.

"எடம் ரொம்பிடுச்சுப்பா, இன்னா பண்றது? ஒருவாட்டி வலிப்புன்னு ஆயிட்டா எவன் லைன்ல வுடுவான்?"

"எனக்கு அந்த நோயே இல்லண்ணே. எல்லாம் மருந்தால வந்த வினை."

அவரோ தலையை ஆட்டிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அதே அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, டீயோடு விழுங்கினார்.

"அண்ணே, டாக்டர்ட்ட கேட்டுத்தான் இந்த மருந்தப் போடுதியளா?"

"மருந்தா?" என்று சிரித்தார். "போப்பா, கேஸ் மாத்திரைதானே!"