மாமியாரை உதைத்தேன்

இன்று காலை என் மாமியாரை உதைத்தேன். நெஞ்சிலேயே.

ஏழு வாரக் கரு கலைந்து இன்று ஐந்தாவது நாள். ஓய்வெடு, கனமான எதையும் தூக்காதே, வயிற்றை யாரும் அமுக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அத்தை கேட்கவில்லை. "அழுக்கு உள்ளயே தங்கிடும்லா, படு" என்று என்னைப் பாயில் தள்ளினார். சுடச்சுட எண்ணெயை ஊற்றி, இரண்டு கைகளையும் அடிவயிற்றில் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினார்.

"வலிக்குது அத்த, விடுங்க!"

"பொறுத்துக்க!"

உதைத்துவிட்டேன். அத்தை அலமாரியில் மோதி விழுந்தார். கண்ணாடி நொறுங்கியது. நான் எழுந்து பார்த்தால் பாயெல்லாம் ரத்தம்.

என் கணவர் எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊரான குருணிலிருந்து மருத்துவமனைக்குப் பறந்தார்.

"யாரும்மா வயித்த அமுக்கினது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் டாக்டர்" என்றார் அத்தை.

எனக்கு ஊசி போட்டு, ரத்தம் குறையும்வரை படுக்க வைத்திருந்தார்கள். அத்தைக்கு நெஞ்சில் ரத்தக்கட்டு மட்டும்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் உடனே திரும்பி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

வரும் வழியில் அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ரெண்டு கலைஞ்சிச்சு. ரெண்டு தடவையும் என் மாமியா ஏறி மிதிச்சாங்க. ஒதைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

இப்போது நானும் அத்தையும் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். சமையல் என் கணவர்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கூடாதா? மருமகள்கள் மட்டும் பதில் போடவும்.