ரைஹான் டின்களின் மண்

முக்பில் ஜித்தாவில் பிராணிகள் விற்கும் கடையொன்றில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தான். கூண்டு கழுவப் போனவன். பச்சோந்திக் கூண்டுகளுக்குள் செடி நட்டுத் தருகிற ஆள் ஊருக்குப் போய்த் திரும்பாததால் அந்த வேலையும் இவன் தலையில் விழுந்தது. செத்த பச்சோந்திகளைக் கீறிப் பார்த்துத்தான் மண்ணைப் படித்தான். ஒன்றின் வயிற்றில், தொட்டி மண்ணோடு கலந்து வரும் வெள்ளை நுரைக்கல். இன்னொன்றின் குடலில் மரச்சீவல். உரமணி கரைந்த தண்ணீரை நக்கி ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு எந்த மண்ணையும் அவன் சலித்து, நனைத்து, கையில் பிடித்துப் பார்த்து, கடைசியாக நாலு மண்புழுவை அதில் விட்டு ஒரு நாள் காத்திருக்காமல் கூண்டுக்குள் போட்டதில்லை. அங்கே விற்ற பச்சோந்திகளில் பாதி அவன் ஊர் மலையில் பிடித்தவை என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

வேலை அனுமதியைப் புதுப்பிக்காமல் ஊருக்கு ஏற்றிவிட்டபோது அவனுக்கு ஐம்பத்துநாலு வயது. சபிர் மலையில், தங்கை நூரிய்யாவின் வீட்டுக் கீழறையில், முன்பு ஆடு கட்டிய இடத்தில் ஒண்டிக்கொண்டான். தங்கை புருஷன் காயித்துக்கு மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் காத் வயல்கள். மத்தியானம் கூடி உட்கார்ந்து கன்னத்தில் அதக்கும் அந்த இலையில் பூச்சி விழாமலிருக்க, பத்து நாளுக்கு ஒருமுறை மருந்தடிப்பான். அப்படி அடிப்பதற்கு முந்தின நாள், வரப்பு வேலமரத்திலிருந்து ஒரு பெண் பச்சோந்தியை முக்பில் எடுத்து வந்தான். கொசுவலைக் கம்பியில் கூண்டு கட்டி, உள்ளே ஒரு செம்பருத்தியை வைத்தான்.

மூன்றாம் வாரம் அதன் வயிறு உப்பியது. கிளையை விட்டிறங்கித் தரையைப் பிறாண்டத் தொடங்கியது. முட்டையிட அதற்கு மண் வேண்டும். முன்கை ஆழத்துக்கு ஈரமண், தோண்டினால் சரியாத மண், நஞ்சில்லாத மண். கிடைக்காவிட்டால் முட்டைகளை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துவிடும். நாலு நாள் தாங்கினால் அதிகம். செம்பருத்தித் தொட்டியில் ஒரு சாண் மண்கூட இல்லை. மலையில் மண் இருக்கிற இடமெல்லாம் காத். காத் இல்லாத இடமெல்லாம் பாறை.

காயித் தானாகவே ஒரு மூட்டை வயல்மண் கொண்டுவந்து போட்டான். கறுப்பாக, பொலபொலவென்று நல்ல மண். முக்பில் ஒரு தட்டில் அள்ளிப் புழுக்களை விட்டான். மறுநாள் நாலும் மேலே வந்து வெளுத்துச் சுருண்டு கிடந்தன. தட்டை அவன் வாசலிலேயே வைத்திருந்ததுதான் தப்பு. மத்தியானம் காத் மெல்ல வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அவர்களில் இலை வாங்க வந்த வியாபாரியும் இருந்தான்.

"வாங்க மச்சான்," என்றான் காயித், ஒரு பக்கக் கன்னம் புடைத்திருக்க. "என் மண்ணுக்குப் புழுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டீங்களாமே. என்ன சொல்லுது?"

எல்லாரும் சிரித்தார்கள். வியாபாரி மட்டும் வாயிலிருந்ததை மெல்லுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு மென்றான்.

சாயங்காலம் நூரிய்யா கீழே இறங்கி வந்தாள். அவர் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டே அவரை இப்படிச் சபையில் தலைகுனிய வைக்கலாமா என்று வெகுநேரம் பேசினாள். பிறகு மொட்டைமாடிக்குப் போய், ரைஹான் செடி வளர்த்த நெய் டின்கள் மூன்றைத் தூக்கி வந்தாள். தலைமுக்காட்டில் கன்னத்தோரம் செருகிக்கொள்ளும் அந்த வாசனைத்தழையைத்தான் அவள் வெள்ளிதோறும் சந்தைக்குக் கொண்டுபோவாள். செடிகளை வேரோடு பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு மண்ணை அவன் முன்னால் கொட்டினாள்.

"மூஞ்சிகிட்ட வச்சுக்கிறதுக்கு எவளாவது மருந்தடிப்பாளா? இந்தாண்ணே. எடுத்துக்க."

முக்பில் தட்டை எடுத்தான். நூரிய்யா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை கொட்டிய மண்ணில், அவள் கண்ணெதிரே புழுவை விட அவனால் முடியவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்தான்.

மண் கையில் பிடித்தால் பிடித்தபடி நின்றது. அப்படியே கூண்டுக்குள் கொட்டி நிரப்பினான். பச்சோந்தி ஒன்றரை நாள் தோண்டியது, மூக்கு முழுக்க மண். முப்பத்தேழு முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தியது. மறுநாள் காலையில் நாக்கு வெளியே தொங்க, கால்கள் விறைக்க, அந்த இடத்திலேயே கிடந்தது. அவன் அந்த மண்ணில் புழுக்களை விட்டான். மதியத்துக்குள் அவையும் சுருண்டன.

மேலே போய்க் கேட்டான். நூரிய்யா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். காதோரம் ரைஹான் கொத்து.

"டின்னுல மண்ணு இறங்கிப்போச்சுன்னு போன மாசம் அவரை வயல்ல இருந்து கொஞ்சம் போடச் சொன்னேன். கறுப்பா நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள். மாவு பட்ட கை கொத்துவரை போனது. அதைத் தொடாமல் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

"அதை எடுத்துரு."

"எடுத்துட்டு? வேற மண்ணு எங்கண்ணே இருக்கு, சொல்லு." அடுத்த ரொட்டிக்கு மாவை உருட்டினாள். "செடி மூணு நாளா வெளிய கெடக்குது. வாடுது. அந்த மண்ணைத் திருப்பிக் குடுத்துரு."

முக்பில் கீழே வந்தான். மண்ணைக் கிளறி முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். முப்பத்தேழும் வந்ததா என்று எண்ணிப் பார்த்து ஒரு சட்டியில் ஒதுக்கினான். பொரியாது என்று தெரியும். பிறகு டின்களை நிரப்பி, வேரைச் சுற்றிக் காற்று தங்காதபடி, ஜித்தாவில் பழகிய விதத்திலேயே விரலால் அழுத்தி, மூன்று செடிகளையும் ஒழுங்காக நட்டு, தண்ணீர் ஊற்றி, மாடிக்குத் தூக்கிப் போனான். வெள்ளிச் சந்தைக்குள் அவை நிமிர்ந்துவிட்டன.