சாட்சிக் கூண்டில் எல்ஸ்பெட் வாட்

பள்ளியை விட்ட மறுவாரமே மீன் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவள் எல்ஸ்பெட் வாட். ஸ்காட்லாந்தின் ஸ்கெரிஹேவன் துறைமுகத்து மீன் ஆலையில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. ஐஸ் தண்ணீரில் நின்று நின்று விரல்கள் வளைந்துவிட்டன. குரல் மட்டும் வளையவில்லை. அவள் அடிக்கும் கிண்டலுக்குப் பயந்து மேற்பார்வையாளர்கள் சுற்றுவழியாக நடந்து போவார்கள்.

அதே எல்ஸ்பெட், டை கட்டிய ஒருவரைக் கண்டால் வேறு ஆளாகிவிடுவாள். டாக்டர், பாதிரியார், வங்கிக்காரர், யாரானாலும் உடனே ஆங்கிலம். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். பள்ளியில் எங்கள் வீட்டு மொழியான ஸ்காட்ஸ் வாயில் வந்தால் உள்ளங்கையில் தோல்வார் விழும். ஆங்கிலத்தை அடித்துப் புகட்டியவர்கள் கூடவே "ஆம், ஐயா" என்பதையும் புகட்டினார்கள். எதிர்த்துப் பேசவும் ஓர் ஆங்கிலம் உண்டு; அதைத் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு மார்ச் மாதத்தில், ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தில் சிக்கி ஆன்ட்ரா ரிச்சி இறந்தான். பாதுகாப்பு மூடியை அவனே கழற்றிவிட்டான் என்றது நிர்வாகம். தனக்கு ஒன்றுமே தெரியாது என்று மேலாளர் ஹெக்டர் மில்ன், எங்களுக்கு ஹெக்கி, விசாரணையில் சொன்னான். அது பொய் என்று நேரடியாகத் தெரிந்தவள் எல்ஸ்பெட் ஒருத்திதான். விபத்துக்கு முன்பே, மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில், மூடி இல்லை என்று அவனிடம் சொன்னவள் அவள்.

ஆன்ட்ராவின் மனைவி மினா நீதிமன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நிர்வாகம் ஜெயித்தால், 'உங்கப்பன் புத்தி கெட்டுச் செத்தான்' என்ற பேச்சை அவள் பெண்கள் இரண்டும் ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும்.

எல்ஸ்பெட் கூண்டில் ஏறினாள். நிர்வாகத்தின் வழக்கறிஞர் எழுந்தார்.

"மூடி இல்லை என்பதை மேலாளரிடம் தெரிவித்தீர்களா?"

"தெரிவித்தேன், ஐயா."

"இயந்திர இரைச்சலில் அது அவர் காதில் விழாமல் போயிருக்கலாம் அல்லவா?"

எல்ஸ்பெட்டின் விரல்கள் கூண்டின் கம்பியை இறுக்கின. கனவான் ஒருவர் கேட்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்வது?

"இருக்கலாம், ஐயா."

"உங்கள் பேச்சை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கலாம்?"

"இருக்கலாம், ஐயா."

மினா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பள்ளியில் அடி வாங்கிய அந்தச் சிறுமியை, எல்லோர் முன்னாலும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

உணவு இடைவேளையில் மினா அவளை நடைக்கூடத்தில் மடக்கினாள்.

"என்ன பேச்சுட்டி பேசுத அங்க? எங்கவீட்டு அடுப்படியில நின்னு சொன்னியே, அத சொல்லு. ஆன்ட்ராவ ரெண்டாந்தடவ கொல்லாத."

"வாயத் தொறந்தா அந்தப் பான் ரொட்டிதாம்ட்டி வருது. நான் என்ன செய்ய?"

பான் ரொட்டி என்பது காசுள்ளவர்கள் வாங்கும் ரொட்டி. அவர்கள் பேச்சுக்கும் நாங்கள் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

விசாரணையைப் பார்க்க வந்திருந்த கில்லன் என்பவர் குறுக்கே வந்தார். எடின்பரோவில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்காட்ஸ் மொழிக்கு நாடு முழுக்க ஒரே பொது வடிவம் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவர்.

"ஸ்காட்ஸ்லயே பேசுங்கம்மா. ஆனா இந்த ஊர்ப் பேச்சு வேண்டாம், சிரிப்பாங்க. எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு, நான் சொல்லித் தரேன். எங்க, நடந்ததைச் சொல்லுங்க."

அவள் தொடங்கினாள். வாக்கியம் முடிவதற்குள் இரண்டு தடவை திருத்தினார்.

"ஏன் வாத்தியாரே, தோல்வாரக் கையோட கொண்டாந்திருக்கீரா, இல்ல வீட்டுலயே வச்சிட்டீரா?" என்றாள் எல்ஸ்பெட்.

கில்லனின் முகம் சிவந்தது. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிளாஸ்கோவில் ஒரு விதம், ஷெட்லாண்டில் ஒரு விதம், எங்களிடம் ஒரு விதம் என்று சிதறிக் கிடக்கும் பேச்சை யாரும் சுலபமாக மிதிக்கலாம். பாடப்புத்தகத்துக்கும் சட்டத்துக்கும் பொது வடிவம் தேவைதான். ஆனால் பேசுகிறவளை மறுபடி உள்ளங்கையை நீட்டச் சொல்லும் பொது வடிவம் எந்த நாசத்துக்கு?

மன்றம் மீண்டும் கூடியது. எல்ஸ்பெட் கம்பியைப் பிடிக்கவில்லை.

"மூடி இல்லன்னு ஹெக்கிகிட்ட நாந்தான் சொன்னேன். அவங் காதுல நல்லாவே விழுந்துச்சு. பதிலுஞ் சொன்னான்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "திருமதி வாட், இங்கே முறையான மொழியில் பேசுங்கள்."

வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "ஊருக்கு ஒரு விதமாக இருப்பதை மொழி என்று எப்படி ஏற்பது? ஒப்புக்கொண்ட வடிவம் எதுவும் இல்லை. இதைப் பதிவு செய்யவே முடியாது."

கில்லன் தரையைப் பார்த்தார். பொது வடிவம் இல்லை என்று அவரும் வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர்தான். அதை வைத்து ஒருத்தியின் வாயை அடைக்கலாம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

"இன்னொரு முறை இப்படிப் பேசினால் அது நீதிமன்ற அவமதிப்பு," என்றார் நீதிபதி.

எல்ஸ்பெட் வழக்கறிஞரை விட்டுத் திரும்பினாள். ஓர இருக்கையில் ஹெக்டர் இருந்தான். அவள் பிறந்த அதே சந்தில் பிறந்தவன்.

"எலே ஹெக்கி! மூடிய மாட்டுன்னு நான் சொல்லலியா? எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுல!"

வீட்டுப் பேச்சில் கூப்பிட்டவருக்குப் பான் ரொட்டியில் பதில் சொல்வது எங்கள் ஊரில் முகத்தில் துப்புவதற்குச் சமம். நடக்கப் பழகும்போதே அதுவும் பழகிவிடும். ஹெக்டர் யோசிக்கவே இல்லை.

"வெள்ளிக்கெழம வரைக்குந்தானட்டி அப்பிடியே ஓடட்டும்னேன்!"

அதற்குப் பிறகுதான் தன் குரல் அவனுக்கே கேட்டது. கை தானாக வாய்க்குப் போனது. வழக்கறிஞர் ஏதோ சொல்லத் தொடங்கினார். நீதிபதி அவரைப் பார்க்காமலே சுருக்கெழுத்தாளரிடம், "எழுதிக்கொள்ளுங்கள்," என்றார்.

அவர் எழுதினார். எந்த வடிவத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூடி இல்லை என்று தெரிந்தேதான் மேலாளர் இயந்திரத்தை ஓடவிட்டான் என்று பிறகு தீர்ப்பு வந்தது. அன்றைக்கோ, மன்றத்தை அவமதித்ததாக எல்ஸ்பெட்டைக் கீழறையில் அடைத்தார்கள். மன்னிப்புக் கேட்டால் விடுதலை. சாயங்காலம் அவளை மேலே கொண்டுவந்தார்கள். அவள் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

"இம்மன்றத்தின் ஒழுங்கைக் குலைத்ததற்காக மனமார வருந்துகிறேன், ஐயா."

நீதிபதிக்குத் திருப்தி. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

வெளியே கடல்காற்று அறைந்தது. மினா அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

"அந்தப் பேச்சு ஒனக்கு நல்லாத்தாம்ட்டி வருது."

"பின்ன? இதுக்குத்தான அடிச்சடிச்சுப் படிப்பிச்சாவ," என்றாள் எல்ஸ்பெட். "வா, பசிக்கு."